தவிட்டுத் தலையணை

வேம்புலி படுத்திருந்தான், தலையணை அமுங்கவே இல்லை.

உலைக்கு அரிசி களைந்துகொண்டே சொர்ணம் அதைத்தான் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளையின் தலை, காற்றில் வந்து விழுந்த காகிதம் போல அந்த நுரைத் தலையணையின்மேல் கிடந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த சாயங்கால மழை ஓட்டின்மேல் சடசடக்க, மெத்தைக் கம்பெனி மருந்தின் கார நெடியும், அதற்கடியில் வேப்பிலை போட்டு வைத்த பழந்தவிட்டின் வாசனையும் தலையணையிலிருந்து கிளம்பி, அடுப்புப் புகையையும் மீறி அந்த ஒற்றை அறையை நிறைத்திருந்தன.

முந்தாநாள் அவள் புருஷன் எத்திராஜ் கொண்டுவந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெத்தைக் கம்பெனி வேலை அவனுக்கு. நுரை செய்யக் கப்பலில் வரும் எண்ணெய் கிடைக்காமல் போகவே, முதலாளி தவிட்டை ஆசிட்டில் காய்ச்சிப் பாகாக்கிப் பார்த்தார். பாகில் மருந்து கலந்து மரப்பெட்டியில் ஊற்றினால், ஆப்ப மாவு போலப் பொங்கி அப்படியே நுரையாக நின்றுவிடுமாம்.

"புள்ளைக்குன்னே தனியா ஊத்தி எடுத்தேன்டி. பன்னு மாதிரி கீது பாரு. ரெட்டைச் சுழிக்காரன், நாளைக்கு ரெண்டு பொண்டாட்டிக்காரன், மெத்தையில படுக்க வாணாமா?" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து பிள்ளை சோறு கேட்கவில்லை. காய்ச்சலும் இல்லை. காலையில் இடுப்பில் தூக்கினால், வெறும் சட்டையைத் தூக்கியது போல இருந்தது.

எத்திராஜ் நனைந்து வந்து தலையைத் துவட்டினான்.

"இன்னாடி, அப்படியே பார்த்துகினு கீறே?"

"தலகாணிக்குத் தவுடு ஏதுய்யா?"

"மில்லு தவுடு பத்தலை. நம்மூட்டுப் பரண் மேல ஒரு சட்டியில சும்மாதானே கெடந்துச்சு? அத்தக் கொட்டினேன்."

அரிசி கையிலிருந்து சிதறியது.

மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் சொர்ணம். நாலாவதாக வேம்புலி பிறந்தபோது, பக்கத்து வீட்டு வஹீதுன்னிசா முறத்தில் தவிட்டோடு வந்து நின்றாள். "இது என் புள்ள! தவுட்டுக்கு வாங்கிக்கினேன். நீ பால் குடுத்து வளத்தா போதும்!" என்று, எமன் காதில் விழட்டுமென்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். பிறகு குனிந்து, "தவுடு பத்தரம்டி சொர்ணம். அது கீற வரைக்கும் புள்ள கீறான். அவன் நைனாவுக்கு மட்டும் சொல்லிடாதே," என்றாள்.

அதைச் சட்டியில் வேப்பிலை போட்டுப் பரண்மேல் வைத்த சொர்ணமும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும்.

பாயருகே ஓடினாள். தலையணையை உருவினாள். கனத்தது. நாலு வயதுப் பிள்ளையின் கனம். வெதுவெதுவென்று இருந்தது. மேல்தோலில் நுரை இரண்டு சுழியாகச் சுழித்து நின்றது.

பாயில் வேம்புலி. முடி நேராகப் படிந்திருந்தது. சுழியே இல்லை. கண் திறந்திருந்தது. மூச்சில்லை.

"ஐயோ, வேம்புலி! எழுந்திருடா!" எத்திராஜ் பிள்ளையை வாரி அணைத்துக் கதறினான்.

சொர்ணம் திரும்பவில்லை; தலையணையை மடியில் போட்டு உட்கார்ந்தாள்.

மடியில் தலையணை உப்பியது. அமுங்கியது. உப்பியது. ஓரத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. ஈரமாக. பிறந்த அன்று அவன் தேடினானே, அதேபோல அவள் மார்பைத் தேடியது.

அவள் ரவிக்கை முடிச்சை அவிழ்த்தாள்.