காரைவீட்டு வாசலில் கால் ஊன்றாதவள்

வண்டிச் சத்தம் இல்லாத ரோடுகளைத் தேடித்தான் நானும் சத்யப்ரியாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போவோம். அவள் ஆனையூர், நான் காஜிமார் தெரு. இருவருக்கும் ஒரே ஸ்கேன் சென்டரில் வேலை. வாரம் முழுக்க ஆட்களின் பேச்சும் இயந்திர இரைச்சலும் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கும். அதனால் சைக்கிளில் ஏறிவிட்டால் பேசமாட்டோம். செயின் ஓடும் சத்தமும் டயருக்கடியில் சரளை நெரியும் சத்தமும் போதும் எங்களுக்கு.

வாடிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் அந்தப் பழைய ரோட்டைப் போனில் கண்டுபிடித்தது நான்தான். நால்வழிச் சாலை வந்த பிறகு பஸ்ஸோ லாரியோ அந்தப் பக்கம் வருவதில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் சத்யா என்னையே பார்த்தாள்.

"போவோம்" என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். இருபுறமும் தரிசும் கருவேலமும். எதிரே மலை. ரோடு லேசாக மேட்டில் ஏறியது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. எனக்கு அமைதி பிடிக்கும். ஆனால் இது, யாரோ எதையோ கேட்டுவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கிற அமைதி.

மேட்டிலிருந்து ஒருவர் பால்கேன் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நல்ல இறக்கம். ஏறி உட்கார்ந்தால் மிதிக்காமலே வந்துவிடலாம்.

"என்னண்ணே, பஞ்சரா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்கன ஓட்டக் கூடாது தாயி. இந்தா, இங்கருந்து மேல தெரியுற பாலம் வரைக்கும் உருட்டித்தான் ஆகணும்."

"யாரு சொன்னது?"

தாடையால் வலப்பக்கம் காட்டினார். ஒரு காலத்தில் பெரிய காரைவீடாக இருந்திருக்க வேண்டும். கூரை விழுந்துவிட்டது. முன்சுவரும் கதவில்லாத வாசலும் மட்டும் நின்றன. வாசலுக்குள் அந்த வெயிலிலும் இருட்டாக இருந்தது.

"இந்த வீட்டுப் பெரியவரு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒரு கனைப்பு, அம்புட்டுத்தான். எங்க தெரு ஆளுக சைக்கிள விட்டு இறங்கிருவோம். இறங்கலேன்னா அடி."

"இப்ப எங்க அவரு?"

"செத்து முப்பது வருசம் இருக்கும்."

"செத்த ஆளுக்கு எதுக்குண்ணே மரியாத?"

"மரியாதையா? நல்லாக் கேட்டீக போங்க. நான் என் முட்டியக் காப்பாத்திக்கிறேன்." வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டினார். தழும்பு மேல் தழும்பு. "ஊருக்குள்ள கேஸ் போட்டு, போலீஸ் வந்து, எல்லாத் தெருவுலயும் ஓட்ட ஆரம்பிச்சாச்சு. உசுரோட இருக்கவன் மேல கேஸ் போடலாம். இவரு மேல எங்க போயிப் போடுறது?"

நான் சிரித்துவிட்டேன். சத்யா சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீ யாரு மக தாயி?"

"மொக்கையன் மக."

"எந்த மொக்கையன்? சைக்கிளத் தலையில சுமந்தானே, அவன் மகளா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நீ கண்டிப்பா இறங்கிரு."

வாசலைக் கடந்ததும் ஏறி மிதித்துப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

சத்யா என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். அவள் அப்பா இளவட்டமாக இருந்தபோது செங்கல் சூளையில் வேலை பார்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறார். இந்த வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டும் இறங்கவில்லை. ஆள்விட்டுப் பிடித்து, அந்தச் சைக்கிளையே தலையில் தூக்கிக்கொண்டு பாலம் வரை நடக்க வைத்தார்கள். மறுநாள் மதுரைக்கு வந்தவர் ஊருக்குத் திரும்பவே இல்லை.

"எனக்கு ஓட்டப் பழக்கிவிட்டது அவருதான். சீட்டப் புடிச்சுக்கிட்டே பின்னால ஓடி வருவாரு. ஆனா ஒருநாள்கூட ஏறி உக்காந்ததில்ல." ஹெல்மெட் வாரை இறுக்கினாள். "பாலம் வரைக்கும் நான் கால் ஊண மாட்டேன். என்ன ஆனாலும்."

நான் முன்னால் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலைக் கடக்கும்போது சவ்வாது வாசனை மட்டும் லேசாக வந்தது. ஆளில்லாத காட்டில் சவ்வாது.

பின்னால் செயின் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். சத்யா நிற்கவில்லை, மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். சேற்று வயலில் ஓட்டுகிறவளைப் போல. சைக்கிள் தள்ளாடியது. அவளுடைய இடது தோள் மட்டும் தாழ்ந்திருந்தது.

நான் வளைத்துத் திருப்பி அவள் பக்கத்தில் வந்தேன்.

"கேக்குதா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"எது?"

"கனைக்கிறான்."

எனக்குக் கேட்கவில்லை.

ஏற்றத்தில் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் முதுகில் கை வைத்துத் தள்ளுவது எங்கள் வழக்கம். அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி ஓட்டிக்கொண்டே வலது கையை அவள் தோளில் வைத்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் அவளுடைய மஞ்சள் பனியன் மட்டும்தான். ஆனால் என் உள்ளங்கைக்கு அடியில் விரல் முட்டிகள். தளர்ந்த, குளிர்ந்த தோல். ஒரு விரலில் தடித்த மோதிரம்.

அப்போது எனக்கும் கேட்டது. என் காதுக்குள்ளேயே, ஈரமாக, ஒரு கனைப்பு.

யா அல்லாஹ்.

உடம்பெல்லாம் கையை எடு, எடு என்றது.

"எடுத்துறாத நாஸியா."

"எடுக்கல. நீ மிதி."

அந்தக் கையின் மேலேயே என் கையை அழுத்தி வைத்துத் தள்ளினேன். முட்டிகள் அடியில் நெளிந்தன. சைக்கிள் ஓர் அடி நகர்ந்தது. இன்னும் ஓர் அடி. அவள் கால் பெடலிலிருந்து நழுவியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது இழுத்துத் திரும்பவும் பெடலில் வைத்தாள். பிறகு, நாங்கள் பழகிய இத்தனை காலத்தில் நான் கேட்டே இராத குரலில் கத்தினாள்.

"மொக்கையன் மக வாரேன்! இறங்க மாட்டேன்! நீ எந்திரிடா!"

கத்தியது மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

பிறகு அந்த இடிந்த வாசலுக்குள், தரையில் மரநாற்காலி ஒன்று தேய்ந்து பின்னால் நகரும் சத்தம்.

"கேட்டியா?" மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள் சத்யா. "எந்திரிச்சுட்டான்."

என் கைக்கடியில் வெறும் பனியன் துணி. இரண்டு சைக்கிள்களும் துள்ளி ஓடின. பாலம் தாண்டி, அடிவாரத் தோப்பும் தாண்டி, மூச்சு நின்றுவிடும் போலான பிறகுதான் கால் ஊன்றினோம். அங்கே அவளுடைய பனியனின் கழுத்தை இழுத்துப் பார்த்தேன். இடது தோளில் ஐந்து விரல்களும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

அவள் அதை மறைக்கவில்லை. கையில்லாத பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவள் அப்பா அதைப் பார்த்தாராம். அடுத்த ஞாயிறு விடியுமுன் அவளுடைய சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, வாசலில் நிறுத்தியிருந்தாராம்.

போனோம். இறங்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் சுண்டுவிரல் அடையாளம் மட்டும் மறைந்திருந்தது. அதற்கடுத்த வாரம் மோதிர விரல். ஒவ்வொரு முறை ஏறிப் போகும்போதும் ஒன்று கழல்கிறது. இப்போது அவள் தோளில் மிச்சம் கட்டைவிரல் மட்டும்தான்.

இன்று ஞாயிறு. காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி பார்த்தேன்.

என் வலது தோளில் ஐந்தும் இருந்தன.

ஈரத்துண்டால் தேய்த்தேன். போகவில்லை. அறைக்குள் சவ்வாது வாசனை. யாரோ என் பின்னால் நின்று, நான் இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அமைதி.

நான் சைக்கிளை வெளியே எடுத்து, இரண்டு டயருக்கும் கல்லாகக் காற்றடித்தேன்.