முந்தி வந்த கேமரா

போன் அடித்தது.

டிடெக்டிவ் சந்திரவதனா ஞாயிற்றுக்கிழமைச் சோற்றில் கை வைத்திருந்தாள். இடது கையால் எடுத்தாள்.

மெரிலேண்ட்ஸில் ஒரு தேவாலய மண்டபம் எரிகிறது. உள்ளே ஒரு பெண்...

அவள் போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. படகில் அகதிகளாக வந்த தமிழர்களுக்காக அரிசிப் பொதி கட்டிக்கொண்டிருந்த சிவனேஸ்வரி அன்ரியை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டது.

மூச்சு மட்டும் இருந்தது.

கரி படிந்த படிக்கட்டில் பாதிரியார் ஹார்வி டன் உட்கார்ந்திருந்தார். கறுப்பர். இந்த ஆஸ்திரேலிய மண்ணின் ஆதிக்குடி. லாக்கப்பில் செத்துப்போன தன் இனத்துப் பையன்களுக்காக நாற்பது வருடம் கோர்ட்டிலும் தெருவிலும் நின்றவர். இப்போது கவுன்சில் தேர்தலில் நிற்கிறார். சனிக்கிழமை ஓட்டு. படகுத் தமிழர்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிட்ட நாளிலிருந்து மிரட்டலுக்குக் குறைவில்லை.

யார் மேல் சந்தேகம் என்று கேட்டாள்.

யார் மேல்தான் இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

மேலதிகாரிக்கு அத்தனை குழப்பம் இல்லை. மண்டபத்தின் பின்னறையில் லதீஸ் என்ற படகுக்காரன் தங்கியிருக்கிறான். கை இரண்டும் வெந்திருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

ஆஸ்பத்திரியில் அவன் கண்ணைத் திறக்கவே பயந்தான்.

"தம்பி, குசினியில அடுப்பு மூட்டினனீரா?"

"இல்லை அக்கா. குளிச்சுக்கொண்டு நிண்டனான். அன்ரி கத்தினது கேட்டுத்தான் ஓடினனான். அவவை இழுத்துக்கொண்டு வரேக்க கதவு எரிஞ்சு விழுந்திட்டுது."

"ஆரையும் கண்டனீரா?"

"புகையைத்தான் கண்டனான்..." கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தான். "கேஸ் போட்டா விசாவைப் பறிச்சுப்போடுவினமோ?"

அவளுக்குப் பதில் தெரியும். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம். மாலைக்குள் லதீஸ் மேல் கேஸ் பதிவாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஸ்டேஷன் வாசலில் டிவிக்காரர்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பாதிரியார் வந்தார். பின்னால் தலை குனிந்தபடி பிரதீப்குமார். கோயம்புத்தூர்க்காரன். சாப்ட்வேர் வேலை போக மிச்ச நேரமெல்லாம் பாதிரியாரின் பிரசாரத்தை நடத்துகிறவன்.

பாதிரியார் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"லதீஸை விட்டுடுங்க. கொளுத்தினது என் ஆள்."

சந்திரவதனா பேனாவைக் கீழே வைத்தாள்.

நேற்று தீயணைப்பு வண்டிக்கு முன்னாலேயே டிவி கேமரா வந்து நின்றதாம். ராத்திரி முழுக்க அது அவரை உறுத்தியிருக்கிறது. காலையில் கேமராமேனைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். புகை கிளம்புவதற்கு முன்பே அழைப்பு போயிருக்கிறது. அழைத்தது பிரதீப்குமார்.

"எல்லாரும் வெளிய போயிட்டாங்க, மண்டபம் காலின்னு நெனச்சேன் மேடம்." என்றான் பிரதீப்குமார். "பின்பக்கக் கதவு மட்டும் கொஞ்சம் எரியட்டும்னு... சார் தோக்கப் போறார். மிரட்டினவங்கதான் கொளுத்திட்டாங்கன்னு ஜனங்க நெனச்சா, அனுதாப ஓட்டு விழும்னு..."

"அன்ரி செத்திருந்தா?"



அவனை உள்ளே அனுப்பிவிட்டு அவள் பாதிரியாரிடம் தணிந்த குரலில் பேசினாள். லதீஸை இப்போதே விட்டுவிடலாம். ஆனால் இந்த விஷயத்தைச் சனிக்கிழமை வரை வெளியே விட வேண்டாமே...

அவர் சிரித்தார். களைத்த சிரிப்பு.

"உங்க டிபார்ட்மென்ட் நாற்பது வருஷமா எங்கிட்ட இதையேதான் சொல்லுது. இப்ப வேண்டாம், அப்புறம் சொல்லலாம்னு. எனக்கு அலுத்துப்போச்சு, டிடெக்டிவ்."

நேராக வாசலுக்குப் போனார். அத்தனை கேமராவுக்கும் முன்னால், தன் மண்டபத்தைக் கொளுத்தியது தன் ஆளே என்று சொன்னார்.

சனிக்கிழமை தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை. மண்ணைக் கவ்வினார்.

அதே சனிக்கிழமை சிவனேஸ்வரி அன்ரி கண் விழித்தாள். அரிசி தப்பியதா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் சந்திரவதனா மெரிலேண்ட்ஸ் போனாள். லதீஸ் முழங்கையால் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டிருந்தான். பாதிரியார் கரி பெருக்கிக்கொண்டிருந்தார்.

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் உங்களுக்குத்தான் வோட் போட்டனான்" என்றாள்.

பாதிரியார் துடைப்பத்தை நிறுத்தினார்.

"என்னோடது போக விழுந்த அந்த இன்னொரு ஓட்டு நீங்கதானா? அநியாயமா என் மனைவியைச் சந்தேகப்பட்டுட்டேனே!"