லிம்போ கிரகம்

அடுப்படியிலிருந்து ஈரமண் வாடை வந்தது. மழையே இல்லை. மாதாகோயிலில் அந்தி மணி அடித்து ஓய்ந்து, மேகமலைப் பக்கம் மெல்ல இருட்டிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் பேனாவை வைத்துவிட்டு மோந்து பார்த்தான். எங்கே பட்ட வாடை இது என்று யோசித்தான்; பிடிபட்டது. வாய்க்கால் கரை. ஐப்பசியில் பிள்ளையைப் புதைத்த குழி.

செத்தே பிறந்த ஆண் பிள்ளை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லை. அதனால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, லிம்போ என்கிற நடு இடம்தான் என்றார் சாமியார். அதோடு அவன் மனைவி வியாகுலமேரி வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூட வாத்தியார் வேறு என்னத்தைச் செய்வான்? பத்திரிகையில் வருகிற விஞ்ஞானக் கதை மாதிரி ஒன்றை அவளுக்காக எழுத ஆரம்பித்தான். ஆகாயத்தில் ஒரு கிரகம், பெயர் லிம்போ. சாமியாரிடம் இரவல் வாங்கிய பழைய வேதசாஸ்திரத்தில் இருந்ததையெல்லாம் அந்தக் கிரகத்துக்குச் சட்டமாக்கினான். அங்கே பசி இல்லை, வலி இல்லை. உயிர்த்தெழுகிற உடம்பு இயேசுநாதர் வயதில் இருக்கும் என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் எழுதியிருந்தார்கள். ஆகவே செத்த சிசுவும் அங்கே முப்பத்துமூன்று வயது ஆளாக எழுந்திருக்கும். அந்திதோறும் வாசித்துக் காட்டினான். பாவி மகள், கண் கொட்டாமல் கேட்டாள்.

முந்தாநாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அவனுக்கு என்னையத் தெரியுமா?"

"தெரியாது புள்ள. தெரிஞ்சா ஏங்கிப் போவான்ல? அங்கன யாருக்கும் ஆத்தா அப்பன் நெனப்பே கெடையாது. அதான் வலியும் இல்ல."

"பெத்தவளத் தெரியாம என்னங்க சந்தோசம்? மாத்தி எழுதுங்க. ஆத்தாளத் தெரியும்னு எழுதுங்க."

எழுதினான். ஆத்தாளைத் தெரியும் என்று ஒரே வரி. ஒரு வரியில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது அடுப்படியில் எதையோ இழுக்கிற சத்தம். கனமான ஒன்று, தரையோடு தரையாக, கொஞ்சம் கொஞ்சமாக. நெல்மூட்டையை நகர்த்துகிறாளோ? இடையிடையே மூச்சு வாங்கியது. அது அவளுடைய மூச்சு இல்லை. பிறகு அழுகை. பச்சைப் பிள்ளையின் அழுகைதான். ஆனால் ஆம்பிளைத் தொண்டை.

"மேரி?"

"சத்தம் போடாதீக. இப்பத்தான் அமந்துருக்கான்."

சிம்னி விளக்கைத் தூக்கினான். போகாதே என்றது மனசு. போனான்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தலை. தாடி முளைத்த தலை. கழுத்து நிற்கவில்லை. உடம்பு முழுக்கச் சேறு. நடக்கத் தெரியாத நீண்ட கால்கள் கொல்லை வாசலைத் தாண்டி இருட்டில் கிடந்தன. சூசைமாணிக்கத்தின் மூக்கு. அவன் நெற்றி. அவனைவிட வயதில் மூத்தது.

"அம்புட்டுத் தூரம் தவந்தே வந்துருக்கான்ங்க," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஐயா..." என்று சூசைமாணிக்கம் கையை நீட்டினான். பயத்தை மீறி, என் பிள்ளை, என் பிள்ளை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கண் திறந்தது. அவனைப் பார்த்தது.

அந்நிய ஆளைக் கண்ட குழந்தையாக அந்தத் தாடி முகம் கோணியது. பெரிய சேற்றுக் கை அவள் சேலையைக் கொத்தாகப் பிடித்தது. அவள் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.