கண்ணை மூடி நிற்கும் பயிற்சி

கண்ணை மூடிக்கொண்டு நின்ற கோகிலவாணி அன்றும் விழவில்லை. வீரமணிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கண் திறந்திருந்தால் சுவரைப் பிடிக்காமல் அவளால் சமையலறை வரைக்கும் போக முடியாது. தலை சுற்றும், குமட்டும். அரூர் ரோட்டு வளைவில் லாரி பின்னாலிருந்து மோதியதில் கழுத்து வெடுக்கென்று ஆடியதால் வந்த வினை. பைக்கை ஓட்டிய நவநீதன் அவளோடு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவன்; அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான். பஸ் இருக்கும்போது அவன் பின்னால் ஏன் உட்கார்ந்தாள் என்று வீரமணி கேட்கவேயில்லை. கேட்காதது நெஞ்சுக்குள் கிடந்து புகைந்தது. செத்தவன் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரியும். தெரிந்தும் பட்டான்.

சாயங்காலமானால் கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்க வேண்டும், புருஷன் பின்னால் நின்று, விழப்போனால் மட்டும் பிடிக்க வேண்டும் என்று பிசியோதெரபி டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் தடுமாறி அவன் கையில் விழுந்தாள். அதற்குப் பிறகு அவனுக்கு வேலையே இல்லை.

கதவைச் சாத்தி ஃபேனையும் நிறுத்தியிருந்த அறையில், அவள் கழுத்தில் தேய்த்த தைலத்தின் வாசனைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல பெட்ரோல் வாடை கிளம்பியது. அவள் உடம்பு முன்பக்கம் சாய்ந்தது. யாராலும் நிற்க முடியாத அளவுக்குச் சாய்ந்து, எதன் மேலோ வாகாகத் தங்கியது. இரண்டு கைகளும் எழுந்து, வெறும் காற்றில் ஓர் இடுப்பின் அகலத்துக்கு வளைந்து கோத்துக்கொண்டன. காதோர முடி பின்னால் பறந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பார்க்காத சிரிப்பு.

வீரமணி சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். அவளுக்கு முதுகைக் காட்டி, குனிந்து, அந்தக் கைகளுக்குள் நுழைந்து நிமிர்ந்தான். அங்கே இருந்த ஏதோ ஒன்று சில்லென்று விலகி இடம் விட்டது.

கைகள் அவன் வயிற்றை இறுக்கின. கன்னம் முதுகில் பதிந்தது.

“மெதுவாவே போலாம் நவநீ,” என்றாள். “வூட்டுக்குப் போவவே மனசு இல்ல.”

நான் வீரமணி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கையை எடுத்துவிடுவாள்.

“ம்,” என்றான்.

தரை அதிர்ந்தது. எதிரே சுவர் இல்லை. இருட்டு. ரோடு. இரண்டு பக்கமும் புளியமரங்கள் ஓடின. கைகளைப் பிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

பின்னால் வெளிச்சம். ஹாரன்.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.