விருந்தாளியின் இடம்

அந்தப் பழைய பண்ணை வீட்டுக்குள் நுழைந்ததும் என் தம்பி தெப்பெய் ஷூவைத் திசைக்கொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். அவனுக்கு ஐந்து வயது. எனக்குப் பத்து. அதனால் அவன் ஷூவையும் சேர்த்து, வாசலைப் பார்த்தபடி திருப்பி அடுக்கி வைப்பது என் தலையெழுத்து.

எங்கள் ஊர் வட ஜப்பானில் இருக்கும் மொரியோகா. மலையடிவாரத்தில் இதுபோல நிறைய பழைய கூரை வீடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பா ஒசாகாவில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். இந்தத் தடவை வந்ததும், எல்லோரும் இங்கே வரலாம் என்று அம்மா கிளப்பிவிட்டார்.

வீட்டின் நடுவில், தரையில் சதுரமாகப் பள்ளம் வெட்டி, அதில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே கொக்கியில் ஒரு பெரிய பானை தொங்கியது. கோழியும் காளானும் கேரட்டும் அதில் கொதித்தன. எனக்கு உடனே பசித்தது.

"இஷ்டத்துக்கு உட்காரக் கூடாது!" என்றார் அந்தப் பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிஷினா அத்தை. "கணப்பைச் சுத்தி யார் எங்கேன்னு ஒரு முறை இருக்கு. உள்பக்கம் வீட்டுத் தலைவர். சமையல் பக்கம் அம்மா. அம்மாவுக்கு எதிர்ல விருந்தாளி. விறகு பக்கம் பிள்ளைங்க."

தெப்பெய் ஒரே தாவாகத் தாவித் தலைவர் இடத்தில் உட்கார்ந்தான்.

"டேய், அது அப்பா இடம்!" என்றேன்.

"அப்பாதான் சொன்னாரு! நான் ஊர்ல இல்லாதப்ப நீதான் வீட்டைப் பார்த்துக்கணும்னு. அப்பா எப்பவாவதுதானே வர்றாரு? அவர் அங்க உட்காரட்டும்."

அவன் விருந்தாளி இடத்தைக் காட்டினான். நிஷினா அத்தை சிரித்தார்.

"தெப்பெய், எந்திரி!" என்றார் அம்மா.

"பரவாயில்லை, விடு. அவன் சரியாத்தான் சொல்றான்," என்றார் அப்பா. புன்னகையோடு போய், காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, அந்த இடத்தில் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்தவர் மாதிரியே இருந்தது.

காலையில் நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி உண்டு. அப்பாவுடையது ஒசாகாவில் இருக்கிறது. அதனால் அம்மா அவருக்குக் கடையில் கொடுக்கும், ஒருமுறை சாப்பிட்டுத் தூக்கி எறியும் மரக்குச்சியைப் பிரித்துக் கொடுத்தார். துண்டு எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். தெப்பெய் அவர் சட்டையில் ஜூஸைக் கொட்டியபோதுகூட, "பரவாயில்லை" என்றார். முன்பெல்லாம் என்றால் வீடே அதிர்ந்திருக்கும்.

நிஷினா அத்தை ஒரு பெரிய மாவு உருண்டையைக் கொண்டுவந்தார். அதைக் கையால் இழுத்து, மெல்லிசாக்கி, பிய்த்துப் பிய்த்துப் பானையில் போட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாப்பாடு.

அப்பாவும் மாவை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்தினான் தெப்பெய். "விருந்தாளி வேலை செய்யக் கூடாது!"

அப்பா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "மன்னிக்கணும், தலைவரே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'நீங்கள் விருந்தாளி இல்லை' என்று சொல்லலாமா? சொன்னால் அதற்கும் ஒரு புன்னகை வரும். அந்தப் புன்னகைதான் எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளியிடம் நாம் என்னவெல்லாம் செய்ய மாட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். வேலை வாங்க மாட்டோம். திட்டவும் மாட்டோம்.

"அப்பா, இந்தப் பக்கம் வாங்க," என்றேன். "எனக்கு மாவு கையில ஒட்டுது. சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தா எப்படி?"

அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

அப்பா எழுந்து வந்து, விறகு பக்கம் என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார். மாவைப் பிய்த்துப் பானையில் போட்டார்.

"ஐயோ அப்பா! இவ்வளவு தடியாவா பிய்க்கிறது? இது எப்ப வேகும்?"

அப்பா திகைத்துப்போனார். "தடியாவா இருக்கு?"

"அவர் எப்பவும் அப்படித்தான், சாயோ," என்றார் அம்மா. எனக்கு உள்ளுக்குள் குஷி. "கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், கேட்டாத்தானே? நாளைக்கு அந்தக் குளியலறைக் குழாயையும் பாருங்க. ஒரு மாசமா சொட்டிட்டே இருக்கு."

"ஒரு மாசமாவா? போன்ல சொல்ல வேண்டியதுதானே!" அப்பாவின் குரல் உயர்ந்தது. மடித்திருந்த காலை நீட்டி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்.

தனியாக உட்கார்ந்திருந்த தலைவருக்குப் பொறுக்கவில்லை. அவனும் ஓடிவந்து எங்கள் நடுவில் நுழைந்து, மாவை எடுத்து மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

"தெப்பெய்! சாப்பிடற பொருள்ல விளையாடாதே!"

அப்பா போட்ட சத்தத்தில் வீடு அதிர்ந்தது. தெப்பெய் ஒரு கணம் முழித்தான். பிறகு அப்பா மடியில் சாய்ந்துகொண்டு ஒழுங்காகப் பிய்க்க ஆரம்பித்தான்.

வெந்ததும் நிஷினா அத்தை முதல் கிண்ணத்தை நிரப்பினார். "முதல்ல விருந்தாளிக்குத்தான். எங்கே அவர்?"

தெப்பெய் விருந்தாளி இடத்தைப் பார்த்தான். காலியாக இருந்தது. முழங்கை வரை மாவோடு இருந்த அப்பாவை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னைக்கு யாரும் வரலை அத்தை," என்றான். "நாங்க மட்டும்தான்."

"அப்போ இது யாருக்கு?"

"பசியில இருக்கிறவங்களுக்கு," என்று அப்பா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

அவர் பிய்த்த தடித்த துண்டு அவருக்கே வந்திருந்தது. கடித்துப் பார்த்தால், நடுவில் வேகாமல் வெறும் மாவாக இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றேன்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு," என்றார் அப்பா.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.