பந்தக்கால் நட்ட வீட்டில் ஒரு கிளாரினெட்

காலை பத்து மணிக்கு பெர்த்தா அம்மாள் போட்ட கூச்சலில் செங்கம் ரோட்டில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஆசிரமத்துக்குப் போய்த் திரும்பியவர் அறையைத் திறந்து பார்த்தால் டேப் ரிக்கார்டர் இருக்கிறது. பக்கத்தில் வைத்திருந்த ஐந்து கேசட்டுகளில் ஒன்றைக் காணோம். பூட்டு உடையவில்லை.

ஒரு கேசட்டுக்கா போலீஸ் என்று சப்-இன்ஸ்பெக்டர் பரசுராமன் சிரித்துக்கொண்டேதான் ஜீப்பில் ஏறினார். வாசலில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருந்த பந்தக்காலைச் சுற்றிக்கொண்டு பின்கட்டு அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த முதிய வெள்ளைக்காரப் பெண்மணி கட்டிலில் உட்கார்ந்து மீதி கேசட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அர்ஜென்டினாவிலிருந்து வந்து திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டவர். இந்த வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார். தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"எங்க யூதர் பாஷை, யித்திஷ். அந்தப் பாட்டுக்கு என் அண்ணன் கிளாரினெட் வாசிச்சான். அண்ணன் செத்துட்டான். இசைத்தட்டும் உடைஞ்சு போச்சு. அவன் மூச்சு அந்த கேசட்ல மட்டும்தான் இருக்கு."

"மத்த நாலுல?"

"அதுலயும் கிளாரினெட். வேற ஆளுங்க. வேகமா, ஆடுற மாதிரி. என் அண்ணனுது மட்டும் அழும்."

ஐந்தும் ஒரே நிறம், ஒரே கம்பெனி. மேலே யித்திஷ் எழுத்து. ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் பெர்த்தா அம்மாள் ஒருவர்தான். பரசுராமன் மீதி நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நான்குமே பாட்டின் நடுவில் தொடங்கின.

"பாதியில நிறுத்திடுவீங்களா?"

"இல்ல. எப்பவும் முதலுக்குச் சுத்தி வைப்பேன். நேத்து ராத்திரியும் சுத்தி வச்சேன்."

"காதுல மாட்டிக் கேக்கற கருவி?"

"அது இல்ல."

அறைச் சாவி பெர்த்தா அம்மாளைத் தவிர பெருக்கித் துடைக்கும் பொன்னியிடம் இருந்தது. போதாதா? ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் புகாரைக் கேட்டதுமே முடிவு கட்டியிருந்தார்: சாயங்காலத்துக்குள் அவளைக் கூட்டி வா. பொன்னி நான்கு வீட்டில் வேலை செய்து பிழைப்பவள். ஒரு தடவை ஸ்டேஷன் படி ஏறினால் நான்கு வீட்டுக் கதவும் மூடிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும், பரசுராமனுக்கும் தெரியும்.

"நான் எடுக்கலீங்க அய்யா. பெருக்கினேன், பூட்டினேன், போயிட்டேன்" என்றாள் பொன்னி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தவர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் ராமதாஸ். சாயங்காலங்களில் வந்து இந்தப் பாட்டுகளை வாயைப் பிளந்து கேட்பவர்.

"ஆசை இருந்ததா?"

"இருந்துது சார். ஆனா அந்த அழுவாச்சிப் பாட்டு எனக்கு எதுக்கு? மாப்பிள்ளை அழைப்புக்கு அதை வாசிச்சா அடிக்க வருவாங்க. வேகமா வர்றதுலதான் ஒண்ணு குடுங்கன்னு கேட்டுனு இருந்தேன்."

கடைசியாக வீட்டுக்காரி ஜோதியம்மாள். நாளை மறுநாள் மகள் வேதாவுக்குக் கல்யாணம்.

"காலையிலேர்ந்து சமையக்கட்டுலதாங்க இருக்கேன். ஜன்னலுக்கு அந்தாண்ட அந்த ரூமுதான். அங்க குண்டூசி வுழுந்தாலும் எனக்குக் கேக்கும். பொன்னி பெருக்குற சத்தத்துக்கு அப்புறம் ஒரு சத்தமும் இல்லீங்க. அவளைத் தவிர யார் எடுப்பாங்க?"

"உங்ககிட்ட வேற சாவி?"

"பீரோவுல நகையோட இருக்குதுங்க. வெளிய எடுக்கவே இல்ல."

மதியம் மலை மேல் மேகம் கவிந்தது. பரசுராமன் கிணற்றடியில் முன்னும் பின்னும் நடந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்த பொன்னியைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. திடீரென்று நின்றார். எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"காசுக்காகத் திருடறவன் டேப் ரிக்கார்டரை விடமாட்டான். பாட்டுக்காகத் திருடறவன் ராமதாஸ் மாதிரி வேகமானதை எடுப்பான். இந்த ஆள் நாலு ஆட்டப் பாட்டையும் விட்டுட்டு அழற பாட்டை மட்டும் எடுத்திருக்கு. மேல எழுதினது படிக்கத் தெரியாது. அதனால ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிச்சிருக்கணும். நாலு கேசட்டும் பாதியில நிக்குதே, அதான் சாட்சி. காதுல மாட்டற கருவியும் இங்க இல்ல. கேட்டா சத்தம் வெளிய வந்தே தீரும்."

ஜோதியம்மாள் பக்கம் திரும்பினார்.

"குண்டூசி வுழுந்தா கேக்கும்னீங்க. கிளாரினெட் மட்டும் எப்படிம்மா கேக்கலை? நீங்களே போட்டுக் கேட்டிருந்தா ஒழிய? பந்தக்கால் நட்ட வீட்டுலேர்ந்து சாவுக்குக்கூடப் போகமாட்டோம். அழுகைச் சத்தம் கேட்டா யாருக்குப் பொறுக்காது? பெத்தவளுக்குத்தான்."

ஜோதியம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"நேத்து பூரா ஒப்பாரி மாதிரி கேட்டுதுங்க. எம் பொண்ணுக்கு எதனா ஆயிடுமோன்னு ராவெல்லாம் தூங்கலீங்க. உள்ள வெச்சிக்கவும் பயம். பின்னால செவுத்துக்கு அந்தாண்ட, வரட்டிக் குவியல்ல... கல்யாணம் முடிஞ்சதும் திருப்பி வெச்சிடலாம்னுதான்."

வெளியே முதல் தூறல் விழுந்தது. பரசுராமன் சுவரேறிக் குதித்தார். கை முழங்கை வரை சாணித் தூளோடு திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேசட் நனையாமல் இருந்தது. பெர்த்தா அம்மாள் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு உடனே போட்டார்.

"வேணாங்கம்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் ஜோதியம்மாள்.

"இது சாவுப் பாட்டு இல்ல, ஜோதி. கல்யாணப் பாட்டு. எங்க ஜனங்க பொண்ணை நாற்காலியில உட்கார வச்சு வாசிப்பாங்க. பொண்ணு பிறந்த வீட்டை விட்டுப் போறா இல்ல? அவ அழணும், அம்மாவும் அழணும். கிளாரினெட் அதுக்குத்தான் அழும். அப்புறம்தான் ஆட்டம். வேதாவுக்குக் கல்யாணம்னுதான் நேத்து பூரா அதைப் போட்டேன்."

கிளாரினெட் விம்மியது. கதவோரம் நின்ற வேதா வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பந்தக்கால் நட்ட நாளிலிருந்து ஜோதியம்மாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஓவென்று வெளியே வந்தது. பரசுராமனே மூக்கை உறிஞ்சினார். பொன்னி மட்டும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொன்னி, மனசுல வெச்சிக்காதடி. கல்யாணத்துக்கு வந்துடு" என்றாள் ஜோதியம்மாள்.

"காலையில என்னப் புடிச்சிக் குடுக்கறப்போ, உனுக்கு அழுவ வரலியேம்மா" என்று சொல்லிவிட்டு பொன்னி வாசலுக்கு நடந்தாள்.

மழை வலுத்திருந்தது. பரசுராமன் பின்னாலேயே ஓடினார்.

"ஜீப்புல ஏறு, வீட்டுல விட்டுடறேன்."

"வேணாங்க அய்யா. போலீஸ் ஜீப்புலேர்ந்து எறங்கினா, தெருவுல இன்னாத்தைத் திருடினேன்னு கேப்பாங்க."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் நனைந்தபடியே போனாள்.