ஏழாம் கொட்டகைக் குளியலறை

குளியலறைக் குழாயைத் திறந்தபோது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஓடியது. சூப்பர்வைசர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை பார்ப்பவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது அவருடைய சொந்த வீடு. ஒவ்வொரு கம்பியையும் அவரே இழுத்த வீடு.

கூடத்துக்குப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. திரும்பி வந்து டெஸ்டரின் முனையைக் குழாயில் வைத்தார். அதற்குள்ளிருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கரண்டை ஏங்க நிறுத்தினீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"குழாயில ஷாக் அடிக்குது. கிட்ட வராதே."

"இப்பதானே நான் குளிச்சிட்டு வந்தேன். உங்களை மட்டும் ஆள் பார்த்து அடிக்குதா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வேலை பார்த்த கம்பெனிதான் ராணுவ முகாமின் பன்னிரண்டு கொட்டகைகளையும் பராமரிக்கும் காண்ட்ராக்டை எடுத்திருந்தது. கூரைமேல் இருந்த தண்ணீர் மோட்டார்களில் ஒன்றுக்குக்கூட, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி இல்லை. ஏழாம் கொட்டகையிலிருந்து ஒரு சிப்பாய் மூன்று முறை வந்து சூப்பர்வைசரிடம் சொன்னான். வாசலில் தலையைக் குனிந்துதான் நுழைவான். நெட்டை என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள்.

"குழாயைத் தொட்டா சுர்ருங்குது சார். பசங்க குளிக்கவே யோசிக்கிறாங்க."

"துப்பாக்கிக்கே பயப்படாத ஆளுங்க, குழாய்க்குப் போய் பயப்படுறீங்களேப்பா. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிங்க."

மரியாதைக்காக நெட்டையும் சிரித்தான். மூன்றாம் முறை முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனுவோடு வந்தான். கம்பெனி மேனேஜர் அதைப் படிக்காமலே மடித்து மேஜை டிராயரில் போட்டார். "பட்டாளத்துக்காரனுக்கு நட்சத்திர ஹோட்டலா கட்ட முடியும்?" என்றார். அதற்கு சூப்பர்வைசரும் சிரித்தார்.

பதினெட்டு மணி நேரக் காவல் முடிந்து, புழுதியோடு குளிக்கப் போன நெட்டை திரும்பி வரவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவன் விரல்களைக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தலையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. முகாமில் கொடுக்கும் மலிவான சோப்பு, தாரின் வாடை அடிக்கும். குளிக்க வந்த மற்றவர்கள் தோளில் துண்டோடு வரிசை கலையாமல் நின்றார்கள். சூப்பர்வைசரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். மாதாந்திரச் சோதனை நடந்தது, எர்த் சரியாக இருந்தது, இறந்தவர் ரேடியோவைக் குளியலறைக்குள் கொண்டுபோயிருந்தார் என்று அதில் இருந்தது. தேதி போன மாதத் தேதி. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு இது பதினோராவது நாள். காலையிலிருந்து அவர் கொல்லையில் குழி தோண்டினார். ஆளுயரத்துக்கு இறங்கி, கரியும் உப்பும் கொட்டி, செம்புக் கம்பியைப் புதைத்து, தண்ணீர் ஊற்றி, புது எர்த் போட்டார். முகாமில் ஒரு நாள்கூடச் செய்யாத வேலையை முதுகு ஒடியச் செய்தார். முடித்துவிட்டு டெஸ்டரை வைத்தபோது அதே சிவப்பு விளக்கு. சாக்கடைத் துவாரத்திலிருந்து மெல்ல, ஈரத்தோடு, தார் வாடை ஏறி வந்தது.

"சோப்பு மாத்தினியா?"

"இல்லையே. ஏன்?"

நாலு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். "நாளைக்கு விசாரணை. அந்தப் பையனோட அம்மாவும் வர்றாங்களாம். நீங்க ஒண்ணும் நீட்டி முழக்க வேண்டாம். செக் பண்ணேன்னு ஒரு வார்த்தை போதும்."

எர்த்தே இல்லை சார் என்பது அவர் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மா எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். அவளும் வாசலில் குனிந்து நுழைவாளோ என்னவோ.

"கேக்குதா?" என்றார் மேனேஜர்.

"சரி சார்."

போனை வைத்தார். குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"யாருங்க குளிக்கிறது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

எழுந்து நடந்தார். குளியலறைக்குப் போகும் நடையில் தரை ஈரமாக இருந்தது. பட்டப்பகல், ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் சுவரோரமாக அவர்கள் நின்றார்கள். தோளில் துண்டு. கால் முட்டிவரை புழுதி. ஒருவர் பின் ஒருவராக, கொல்லைக் கதவைத் தாண்டியும் வரிசை நீண்டது. எல்லோர் காலிலும் ரப்பர் செருப்பு.

முதலில் நின்றவன் உயரமாக இருந்தான். தலையில் நுரை. அவன் ஓரமாக ஒதுங்கிக் கதவைத் திறந்து பிடித்தான்.

"நீங்க முதல்ல போங்க சார்."

குரலில் கோபம் இல்லை. அதே மரியாதை.

போகக் கூடாது என்று நினைத்தார். கால்கள் போயின. வேண்டாம் என்று நினைத்தார். கை நீண்டது. விரல்கள் குழாயைச் சுற்றி மூடிக்கொண்டன.

மெயின் இறக்கித்தான் இருந்தது.

உடம்பு முழுக்க ஒரே இறுக்கம். பல்லோடு பல் பூட்டிக்கொண்டது. மூச்சு நின்றது. கண் மட்டும் அசைந்தது.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி. சுவரோரம் நின்ற யாரையும் அவள் பார்க்கவில்லை. அவர்கள்தான் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"கூப்பிடக் கூப்பிட பேசாம நிக்கிறீங்களே. என்ன ஆச்சு?"

மின்சாரம் பிடித்தவனைத் தொடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் கற்றுக்கொண்டது அது. தொடாதே. தொடாதே. நாக்கு புரளவில்லை.

அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் தோளை நோக்கிக் கையை நீட்டினாள்.

கை ஈரமாக இருந்தது.